போக இரண்டு, வர மூன்று

தென்னாப்பிரிக்காவின் எஷோவே ஊர்க் கடைத்தெருவில் பெருமாள் ஹார்டுவேருக்குப் பெயிண்ட் வாங்க வருகிறவர்கள், டப்பா கைக்கு வந்த பிறகும் இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். வண்ணம் கலந்து கொடுக்கும் கொம்பிசிலேயின் முகத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். பின்னால் வரிசை வளரும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மகோசி, விடியக்காலைல ஒரு கனவு" என்று ஆரம்பிப்பார்கள். மகோசி என்று ஜூலு மக்கள் மரியாதையாகக் கூப்பிடுவது, முன்னோர்கள் தேர்ந்தெடுத்த வைத்தியரை. ஆஸ்பத்திரியில் இருக்கும் வைத்தியர் வேறு. அவரிடம் கனவைச் சொன்னால் தூக்க மாத்திரை கிடைக்கும்.

முதலில் அவள் கல்லாவில்தான் இருந்தாள். ஒரு கிலோ ஆணி வாங்கக் கால் மணி நேரம் ஆகிறது என்று முதலாளி பெருமாள் அவளைப் பெயிண்ட் பக்கம் தள்ளினார். அதிலிருந்து பெயிண்ட் விற்பனை ஏறியதே தவிர இறங்கவில்லை. "கொம்பி, கனவு சொல்ல வர்றவங்க ஆளுக்கு ஒரு லிட்டராவது வாங்கட்டும்" என்பார். அவருடைய அம்மா இறந்த வருஷம் அவரும் கடை திறக்குமுன் வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தன் கனவைச் சொன்னவர்தான். அதைப் பற்றி இருவரும் அதன் பிறகு பேசியதில்லை.

கொம்பிசிலே இந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. இருபத்து மூன்று வயதில் டர்பனில் ஒரு துணிக்கடையில் கல்லாவில் இருந்தபோது உடம்பு படுத்தது. இரண்டு வருஷம் தோள் வலி, மூச்சடைப்பு, சோறு இறங்காது. எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எடுக்க இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. கல் பாலம், செம்மண் மேடு, நீலக் கதவு வைத்த வட்ட வீடு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கல்லாச் சாவியை மேலாளரிடம் கொடுத்துவிட்டு டாக்சி வேன் ஏறினாள். எங்கே இறங்க வேண்டும் என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "தெரிஞ்சா சொல்றேன்" என்றாள். மூன்று வேன் மாறி, கல் பாலத்தில் இறங்கி, மேடேறி, நீலக் கதவின் முன்னால் போய் நின்றாள். உள்ளே இருந்த பெண் வைத்தியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புதன்கிழமையே வருவேன்னு நெனச்சேன். களி ஆறிப்போச்சு, அப்படியே தின்னு" என்றாள். அந்த வீட்டில் மூன்று வருஷம் முழங்காலிலேயே நடந்து பயின்றாள் கொம்பிசிலே. கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். அவளைக் கேட்டால், முட்டி தேய்ந்த கதை என்பாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு. கனவைப் பல் துலக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் விதி. ஆகவே ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் லண்டனிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் ஊர்ப் பிள்ளைகள் படுக்கையில் கிடந்தபடியே வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். லிஃப்டில் பாம்பு, மெட்ரோவில் மாட்டு மந்தை, ஆபீஸ் மேஜைக்கு அடியில் செத்துப்போன தாத்தா என்று கொட்டாவிக்கு நடுவில் வரும் அவற்றையெல்லாம் வேனுக்குக் காத்திருக்கும்போது கேட்பாள். "பகல் பூரா கண்ணாடிக் கட்டடத்துல இருக்காங்க. படுக்கிறது மட்டும் இன்னும் நம்ம மாட்டுக்கொட்டில் பக்கத்துலதான்" என்பாள்.

ஆனால் அவள் பெயர் பரவியது வேறொன்றுக்காக. வெளியிடத்தில் செத்தவரை வீட்டுக்கு அழைத்து வருவது. உடல் வேறு, ஆள் வேறு. உடலை வண்டியில் கொண்டுவந்துவிடலாம். ஆளோ, உயிர் பிரிந்த இடத்திலேயே நிற்பார், கூப்பிடும்வரை. வீட்டார் இலந்தைக் கொப்பு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் கொப்பில் வந்து சேர்ந்ததும் திரும்ப வேண்டும். கொப்பைச் சுமப்பவர் வீடு சேரும்வரை உயிரோடு இருக்கும் யாருடனும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. செத்தவரிடம் மட்டும் பேசலாம், பேசியே ஆக வேண்டும். இப்போ வண்டி ஏறுறோம், இப்போ ஆறு தாண்டுறோம், இப்போ எறங்குறோம். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. வேனில் அவருக்கும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். மறந்தால் ஓட்டுநரே கேட்பார்.

கொம்பிசிலே கூடப் போய் இதை நடத்திக் கொடுப்பாள். சுரங்கத்தின் அடியிலிருந்து, நெடுஞ்சாலை வளைவிலிருந்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து இதுவரை நாற்பத்தோரு பேர். "என்கூட வந்தவங்க யாரும் நடுவழியில நின்னதில்ல" என்று சொல்வாள். கொஞ்சம் அடிக்கடியே சொல்வாள்.

அந்த மே மாதம் பெயிண்ட் மேஜை முன் வந்து நின்ற பெண்ணை அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, மாசோண்டி. கரும்புத் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பியேலா வீட்டுக்காரி. அறுபத்தாறு வயதிலும் தலையில் தண்ணீர்க் குடத்தோடு மேடேறுகிறவள். இப்போது உடுப்புக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அவளுடைய ஒரே மகன் மலுசி லண்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தான். ஜனவரிக் குளிரில் பஸ் நிறுத்தத்தில் நின்றவன் மாரடைத்து அங்கேயே விழுந்தான். முப்பத்தெட்டு வயது. கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து பெட்டியை அனுப்பிவைக்க, இங்கே அடக்கம் செய்தார்கள்.

"தூங்குறதில்லையா, மா?" என்றாள் கொம்பிசிலே.

"கவுத்த வாளி மேல உக்காந்திருக்கேன், மகோசி. கண்ணசந்தா விழுவேன், விழுந்தா முழிச்சுக்குவேன்."

"எதுக்கு அப்படி?"

"கண்ண மூடினா நிக்கிறான். குளிர்ல. ஒரு கால்ல செருப்பு இல்ல. ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறான், என்னையே பாக்கிறான். நான் தூங்கினாதான அவன் அங்க நிக்க வேண்டியிருக்கு? அதான் தூங்குறதில்ல."

கொம்பிசிலே கலக்கும் இயந்திரத்தை நிறுத்தினாள். "கொப்பு யாரு கொண்டு போனா?"

"யாரும் போகல. பெட்டியே வந்துடுச்சு, அவனும் கூடவே வந்திருப்பான்னு அவன் அப்பா சொல்லிட்டாரு."

பெட்டிகூட வந்திருப்பானாம். நாலு மாதமாக அந்தப் பிள்ளை குளிரில் நிற்கிறான், இந்தத் தாய் வாளிமேல் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் நாலு மாதம் போனால் இங்கேயும் ஒரு குழி வெட்ட வேண்டியிருக்கும் என்று கொம்பிசிலேக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

தகப்பன் ஃபலாக்கே சர்க்கரை ஆலை இரைச்சலில் நாற்பது வருஷம் வேலை செய்து பேச்சை மறந்தவர். தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தையில் ஒப்புக்கொண்டு, மாடுகளை விற்றுவிட்டு, விசாவுக்குப் போய் நின்றார். இங்கிலீஷ் பேசத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். கொம்பிசிலே அதுவரை விமானம் ஏறியதில்லை. "டாக்சி மாதிரிதான, கொஞ்சம் மேல போகும்" என்றாள்.

டிக்கெட் போடும் பெண்ணிடம், "போக ரெண்டு, வர மூணு" என்றாள்.

"வரும்போது மூணாவது யாரு, மகோசி?"

"அங்க இருக்கான்."

அவளும் ஊர்ப் பெண்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. தகப்பன் பேரிலேயே இன்னொரு இருக்கை போட்டு, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருமாறு பார்த்துக் கொடுத்தாள்.

லண்டனில் அந்த நிறுத்தம் ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒல்லியான பெஞ்சு, பக்கத்தில் ஷாம்பு விளம்பரம். ஜூலை மாதத் தூறல். ஃபலாக்கே செருப்பைக் கழற்றினார். நுனி தரையில் படும்படி கொப்பைத் தாழ்த்தினார்.

"மலுசி. பியேலா வீட்டுப் பிள்ளையே, மென்சிவா" என்று பியேலா ஆண்கள் எல்லோருக்கும் உரிய குலப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டார். "நான் உன் அப்பா. காலம் தாழ்த்தி வந்திருக்கேன், மன்னிச்சுக்கோ. வா, வீட்டுக்குப் போவோம்."

அப்போது ஒரு பஸ் வந்து கதவைத் திறந்தது. தாடி வைத்த ஓட்டுநர், வெறுங்காலோடு நின்று முள் கொப்பிடம் பேசும் கிழவரைப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டார். உள்ளே இருந்தவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஃபலாக்கேயின் கை மெல்லத் தாழ்ந்தது. இரண்டு விரலால் தூக்கிவிடக்கூடிய காய்ந்த கொப்பு அது. அதை அவர் இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, கால்களை அகட்டி நிற்க வேண்டியதாயிற்று. நாற்பத்தோரு முறை பார்த்தவள்தான் கொம்பிசிலே. ஆனாலும் கடல் தாண்டி வந்த இடத்தில், ஷாம்பு விளம்பரத்துக்குப் பக்கத்தில், அதே கனம் அதே மாதிரி வந்து உட்கார்ந்ததைக் கண்டபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

விமான நிலையத்தில் கொப்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் விடச் சொன்னார்கள். ஃபலாக்கே பேசக் கூடாது. விட மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். "சார், அவர் மகன் அதுல இருக்கான்" என்று கொம்பிசிலே இங்கிலீஷில் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைப்பாகை கட்டிய காவலர் அவளைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். பிறகு அடுக்கிலிருந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து நீட்டினார். ஃபலாக்கே குனிந்து, "மகனே, ஒரு இருட்டுப் பொந்து வருது. பயப்படாதே, அந்தப் பக்கம் நான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கொப்பைத் தட்டில் படுக்கவைத்தார்.

இப்படி ஒவ்வொன்றும் சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். நகரும் படி, ரயில், விமானம். கொம்பிசிலே காதோரம் சொல்லச் சொல்ல, ஃபலாக்கே மகனிடம் சொன்னார். தோஹாவில் விமானம் மாற மூன்று மணி நேரம் இருந்தது. ஒரு வரிசையில் மூன்று நாற்காலி பிடித்து, "இங்க உக்காரு மகனே, நேரம் இருக்கு" என்று நடு நாற்காலியில் கொப்பை வைத்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். விழித்தபோது ஒலிபெருக்கியில் அவர்கள் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. விமானம் ஏறும் வாசல் மாறிவிட்டதாம். கதவு சாத்தப் போகிறார்களாம். ஃபலாக்கே கொப்பை அள்ளினார், கொம்பிசிலே பைகளை அள்ளினாள், எழுபது வயதுக்காரரும் அவளும் ஓடிய ஓட்டத்தில் பெருக்குகிற ஆள் ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

வீட்டு வாசலில் மாசோண்டி நின்றிருந்தாள். வட்ட வீட்டின் பின்சுவரோரம், முன்னோர் இருக்கும் இடத்தில் கொப்பைக் கிடத்தினார்கள். மூலிகை புகைத்தார்கள். வெள்ளாட்டைக் கொண்டுவந்து நிறுத்தி, மலுசி வந்துவிட்டான், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஃபலாக்கே சொன்னார். அப்போது ஆடு கத்த வேண்டும். கத்தினால் முன்னோர் அவனை வாங்கிக்கொண்டார்கள் என்று பொருள். ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றது. இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சொன்னார். "பாவம், அதுக்குத் தொண்டக்கட்டு" என்றார் உறவுக்காரர் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்றாள் கொம்பிசிலே. அவள் இந்த வேலையில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை கடை திறந்ததும் மாசோண்டி வந்தாள். பல் துலக்கவில்லை, தலைத்துணி கட்டவில்லை.

"மகன் வந்துட்டான்னு நம்பிப் படுத்தேன், மகோசி. நல்லாத் தூங்கினேன்."

"கனவுல வந்தானா?"

"வந்தான். குளிர் இல்ல. ரெண்டு கால்லயும் செருப்பு இருக்கு. உக்காந்திருக்கான்."

"வீட்டுலதான?"

"இல்ல." மாசோண்டி தயங்கினாள். "பெரிய கூடம். தரை தண்ணி மாதிரி இருக்கு, மூஞ்சி தெரியுது. எல்லாரும் பெட்டிய இழுத்துக்கிட்டுப் போறாங்க, யாரும் யாரையும் பாக்கல. அவனுக்கு எதிர்ல ஒரு கரடி. பொம்மைக் கரடி, ஆனா நம்ம வீட்டுக் கூரைய விட ஒசரம். அது மண்டையிலேர்ந்து வெளக்கு மொளைச்சிருக்கு. எனக்கு பைத்தியம் புடிச்சிருச்சா, மகோசி?"

மேஜைமேல் வண்ணங்கள் அச்சடித்த அட்டை விரிந்திருந்தது. மாசோண்டி குனிந்து, எழுபது எண்பது கட்டங்களுக்கு நடுவில் விரலை ஓட்டி, ஒரு மஞ்சளில் வைத்து நிறுத்தினாள்.

"இந்த மஞ்சள்."

அதே மஞ்சள்தான். தோஹா விமான நிலையத்தில் அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளுக்கு எதிரே அந்தக் கரடி இருந்தது, தலையில் விளக்கோடு. கொம்பிசிலே அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஃபலாக்கேக்கு நேற்று மாலைவரை பேசவே அனுமதி இல்லை, இருந்தாலும் அவர் கரடி பொம்மை பற்றிப் பேசுகிற ஆளும் இல்லை. மாசோண்டி டர்பனைத் தாண்டியதில்லை. முப்பது வருஷமாக அடுத்தவர் கனவுகளுக்கு நடுவில் வாழ்ந்தவள், அந்த விரலையும் அந்த மஞ்சள் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கதான் உக்காந்தோம்" என்றாள். "அவன் அப்பா அவன உக்காரச் சொன்னாரு. அப்புறம் பேரு கூப்பிட்டாங்க, ஓடினோம்."

மாசோண்டி அட்டையிலிருந்து விரலை எடுத்தாள். "உக்காருன்னு சொன்னீங்க. எழுந்திருன்னு யாராவது சொன்னீங்களா?"

சொல்லவில்லை. இருவருமே சொல்லவில்லை.

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள் மாசோண்டி. "மாட்டப் பாத்துக்கிட்டு இங்க உக்காருன்னா, நாம போயிக் கூப்பிடுற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டான். அப்பா சொன்னாரேன்னு உக்காந்திருக்கான்."

கொம்பிசிலே சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். நாற்பத்தோரு பேர் என்று சொல்லித் திரிந்த வாயால் ஒரு சொல் சொல்லவைக்க மறந்துவிட்டாள். தோஹாவிலிருந்து வீடுவரை, வானம், மேகம், துகேலா ஆறு என்று வெறும் கொப்பிடம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பியேலா வீட்டுக்குப் போனாள். ஃபலாக்கே கேட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

"ஓடும்போதே கை லேசா இருந்துச்சு" என்றார்.

"ஏன் பாபா அப்பவே சொல்லல?"

"பேசக் கூடாதுன்னு நீதான சொன்ன."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் சொன்னது நியாயம்தான்.

"நான் மறுபடி போறேன்" என்றார் ஃபலாக்கே.

"நீங்க வேண்டாம்" என்றாள் மாசோண்டி. "நான் போறேன்."

"கொப்பு சுமக்கிறது ஆம்பள வேலை."

"ஆம்பள சுமந்த லட்சணத்தப் பாத்தாச்சு. நாற்காலியில வெச்சுட்டு வந்துட்டீங்க."

இருவரும் கொம்பிசிலேயைப் பார்த்தார்கள். எலும்பு உருட்டி முன்னோரைக் கேட்கலாம், புகை போட்டுக் கேட்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. "எடத்த யாருக்குக் காட்டினாங்களோ அவங்கதான் போகணும், மென்சிவா. நான் கூடப் போறேன். விட்டது நான்" என்றாள்.

மிச்சமிருந்த மாடுகளும் போயின. பெருமாளிடம் விடுமுறை கேட்டபோது, "மறுபடியுமா, கொம்பி?" என்றார். "ஒருத்தர நடுவழியில விட்டுட்டேன்" என்றாள். அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவர் காலண்டரில் தேதிகளை வட்டமிட்டார்.

தோஹாவில் முத்திரை குத்தும் அதிகாரி, எத்தனை நாள் தங்கல் என்றார். நாலு மணி நேரம் என்றாள் கொம்பிசிலே. எதற்கு வந்தீர்கள் என்றார். "இவங்க மகன் உள்ள காத்துக்கிட்டிருக்கான், கூட்டிட்டுப் போக வந்தோம்." முத்திரை விழுந்தது. வெளியே வந்து, அதே வேகத்தில் திரும்பப் பதிவு செய்து, பயணிகள் கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

அங்கேதான் கொம்பிசிலேக்குத் திசை குழம்பியது. போன தடவை வேறு பக்கத்திலிருந்து வந்தவள். பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது மாசோண்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத, நகரும் படியில் கால் வைக்கப் பத்து நிமிஷம் முன்னால் பயந்த அந்தப் பெண், கொப்பைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு முற்றத்தில் நடப்பதைப் போல நடந்தாள். வாசனைத் திரவியக் கடைகளைத் தாண்டினாள். இடப்பக்கம் திரும்பினாள். எல்லோரும் நின்று படம் எடுக்கும் கரடியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்னால் ஓடாத குறையாக வந்த கொம்பிசிலேக்குத் தன் இருபத்தைந்தாவது வயதும் கல் பாலமும் ஞாபகத்துக்கு வந்தன. இது தன்னைப் போன்றவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

கூடத்தில் சரியான கூட்டம். ஏதோ விமானம் தாமதம். நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் பைகளின்மேல் சாய்ந்திருந்தார்கள். கரடிக்கு எதிர் வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஆள். காலடியில்கூட ஆள். அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை, பை வைத்து இடம் பிடிக்கவுமில்லை.

மாசோண்டி அதன் முன்னால் போய் நின்றாள். செருப்பைக் கழற்றினாள்.

"மலுசி" என்றாள். "பியேலா வீட்டுப் பிள்ளையே, மென்சிவா. அம்மா வந்திருக்கேன். நல்ல பிள்ளையா உக்காந்திருந்த. போதும். எழுந்துக்கோ, போகலாம்."

கொப்பு தாழ்ந்தது. கொம்பிசிலே பிடிக்கப் போனாள். மாசோண்டி தலையை ஆட்டி மறுத்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது உடம்பு ஒரு பக்கம் சாயுமே, அப்படிச் சாய்ந்து நின்றாள். அவர்கள் நகர்ந்து பத்தடி போகவில்லை, பருத்த மனிதர் ஒருவர் இரண்டு பைகளோடு வந்து அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

விமானத்தில் மாசோண்டிக்குச் சன்னலோரம், நடுவில் மலுசியின் இருக்கை, இந்தப் பக்கம் நடைவழியோரம் கொம்பிசிலே. கொப்பை நடு இருக்கையில் வைத்து மாசோண்டி பெல்ட் போட்டுவிட்டாள். காலை வெயில் இறக்கைமேல் அடித்தது. மேலே ஏறுறோம் மகனே என்றாள், மணல் காடு போகுது என்றாள். அப்புறம் சத்தம் நின்றது. கொம்பிசிலே திரும்பிப் பார்த்தபோது அவள் தூங்கியிருந்தாள்.

வாளி இல்லாமல், பயம் இல்லாமல், வாய் சற்றுத் திறந்து, ஒரு கையைக் கொப்பின்மேல் போட்டுக்கொண்டு ஆழ்ந்த தூக்கம். ஆறு மாதத் தூக்கம். அதைப் பார்க்க கொம்பிசிலேக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்னிருக்கையின் முதுகில் இருந்த திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. சின்ன விமானம் நிலத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அடுத்தது கடல். கடலைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் கொப்பைச் சுமப்பவள்தான். வேறு குலத்துக்காரியான கொம்பிசிலே சொன்னால் அவன் காதில் விழாது. ஒரு சொல் விட்டுப்போனதால் ஏற்கனவே அவனைத் தொலைத்தவள் அவள். எழுப்பினால் இந்தத் தூக்கம் போய்விடும். எழுப்பாவிட்டால் அவன் கடலுக்கு மேலே நிற்பான். இந்தத் தடவை எதிரில் கரடிகூட இருக்காது.

எழுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. நடு இருக்கையின் மேலாகக் கையை நீட்டினாள். தோளைத் தொட நாலு விரல் இடைவெளி இருந்தது.

"கடல் வருது மகனே" என்றாள் மாசோண்டி. கண் மூடியிருந்தது. மூச்சு தூக்கத்தின் மூச்சுதான். "உப்புத் தண்ணி. காலத் தூக்கிக்கோ."

திரையில் சின்ன விமானத்தின் மூக்கு நீலத்தில் நுழைந்தது. சன்னல் மூடி எப்போதோ இறக்கப்பட்டிருந்தது.

கொம்பிசிலே நீட்டிய கையை எடுக்க மறந்து அப்படியே இருந்தாள். கடல் முடிந்தது, "தரை வந்துடுச்சு" என்றாள் மாசோண்டி. உணவு கொண்டுவந்த பெண், கோழியா காய்கறியா என்று கேட்டாள். மூன்று தட்டு வாங்கிக்கொண்டாள் கொம்பிசிலே. ஒன்றையும் தொடவில்லை. சாம்பெசி ஆறு திரையில் நூல் மாதிரி வந்தது. "பெரிய ஆறு, ஓரமா வா." பிறகு நெடுநேரம் தூக்கம் மட்டும். பிறகு லிம்போப்போ. "இதுக்கு அந்தப் பக்கம் நம்ம நாடு." ஒன்றுகூடத் தப்பவில்லை, ஒன்றுகூட முந்தவில்லை. கொம்பிசிலே கையெட்டித் திரையை அணைத்தாள். அதை வைத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி டர்பனுக்கு வேறு விமானம் மாற வேண்டும். அதற்கான அறிவிப்பு இன்னும் வரவில்லை. காதுகூட இன்னும் அடைக்கவில்லை. மாசோண்டி தூக்கத்திலேயே கையை நகர்த்திக் கொப்பின் பெல்ட்டைத் தடவினாள்.

"எழுந்துக்கோ, மலுசி" என்றாள். "இங்க எறங்கி வேற ஏறணும்."

நடைவழியோரம் உட்கார்ந்திருந்த கொம்பிசிலே, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, முழங்கால்களை ஒதுக்கி அவனுக்கு வழிவிட்டாள்.